காலணி அலமாரிக்குள் காட்டுப்பாக்கம்

இந்த ஜெர்மன் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. 'ரூஹெட்சைட்', அதாவது அமைதி நேரம். அப்படி ஒரு ஞாயிறு காலை கீழ்வீட்டு அம்மையார் கதவைத் தட்டி, என் காலணி அலமாரிக்குள் ஏதோ உறுமுகிறது என்றார். "உள்ளே என் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்.

உறுமியது ஒரு பழைய கணினி. என் ஊரான காட்டுப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் தெருக்காரர்களுக்காக நான் இங்கிருந்து நடத்திய சமூக வலைத்தளம் அதில்தான் ஓடியது. ஒரே முதலாளி இல்லாத வகை அது. யாரும் தன் கணினியில் ஒரு கிளை தொடங்கலாம். எல்லாக் கிளைக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேசலாம். பிடிக்காவிட்டால் உறவு அறாமல் வேறு கிளைக்குக் குடிபோகலாம். போன விடுமுறையில் மொட்டை மாடியில் எல்லோரையும் உட்காரவைத்து இதை ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். முடிவில் கேபிள் கடை மணி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி லாரி எப்ப வரும்னு அதுல போட்லாமா அண்ணாத்தே?"

சேர்ந்தார்கள். ஆனால் சுதந்திரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை; தினமும் குட்மார்னிங் ரோஜாக்களாக அனுப்பினார்கள். ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்று, இப்போது தனியாக இருக்கும் என் அப்பாவின் ரோஜாதான் முதலில் வரும். கணினியில் இடம் நிரம்பியது. எனக்குள் ஒரு ஜெர்மன்காரன் விழித்துக்கொண்டான். பதினொரு விதிகள் எழுதினேன். பூப்படம் கூடாது. மீறினால் ஒரு வாரம் கணக்கைப் பூட்டுவேன். பாரபட்சம் இல்லை என்று காட்ட முதலில் அப்பாவைப் பூட்டினேன்.

ஐந்தாம் நாள் தளத்தில் ஈ காக்கை இல்லை. மணியைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் நம்ம கடை கம்ப்யூட்டர்ல நான் தொறந்த கிளைல கீறாங்க. நீதான சொன்ன, புடிக்கலன்னா கெளம்பலாம்னு."

"அப்பா?"

"அவருதான் மொதல்ல வந்தாரு. நீ பூட்ன அன்னிக்கு பூ வரல. மன்சனுக்கு இன்னா ஆச்சோன்னு ஓடிப்போய் கதவ தட்னேன். காபி குட்சிகினு கீறாரு."

அந்த ரோஜா எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்குப் பார்த்தேனே தவிர, அப்பா எழுந்துவிட்டார் என்பதற்கு அது அடையாளம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மணிக்கு உறைத்திருந்தது. இத்தகைய தளத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அலமாரியைத் திறந்து கணினியைக் காட்டியிருப்பேன். ஆனால் பூ வரவில்லையே என்று பதறும் ஓர் ஆளும், என்னைப் போன்ற நாட்டாமையிடமிருந்து தப்பிக்க ஒரு வழியும்தான் அதன் மதிப்பு. நானும் ஒரு காலத்தில் ஊரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவன்தான். அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விதிகளை அழித்துவிட்டேன். என் கிளையில் இப்போது நான் ஒருவன்தான். காலையில் ஷூ எடுக்கும் நேரத்துக்குள் மணி கடைக் கிளையிலிருந்து அப்பாவின் ரோஜா வந்துவிடும். பதிலுக்கு நானும் ஒன்று அனுப்புகிறேன்.

போன ஞாயிறு கீழ்வீட்டு அம்மையார் மறுபடி கதவைத் தட்டினார். உறுமல் குறைந்துவிட்டதே, உங்கள் ஊர்க்காரர்கள் போய்விட்டார்களா என்று கேட்டார்.

"அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள்" என்றேன். "உள்ளே இப்போது நான் மட்டும்தான்."

அவர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை.