அரைக் கட்டை மேலே

மே 19, திங்கட்கிழமை, காலை ஐந்தரை. இப்படி எழுதிய காகிதம் வெர்டெல் பூக்கர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று வாரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளுடைய குரல்வளையை எடுத்துவிடுவார்கள்.

வெர்டெலுக்கு வயது ஐம்பத்தெட்டு. தெற்கு மெம்ஃபிஸ்காரி. வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அறுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. வெள்ளி, சனி மாலைகளில் நகரத்து ஓட்டல் ஒன்றின் முன்கூடத்தில் பியானோவும் பாட்டும், எல்லாம் ஜாஸ். ஞாயிறு சர்ச். இருபத்தாறு வருஷமாக இதுதான் வாரம். அவள் பெயரில் ஓர் ஆல்பம் வந்ததில்லை. தொண்டை கரகரத்தபோது ஜலதோஷம் என்று கிறிஸ்துமஸ் வரை ஓட்டினாள். பிப்ரவரியில் மருத்துவர் புற்றுக்கட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டிவரும் என்று சொன்னதும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"பாடினதால வந்ததா டாக்டர்?"

இல்லை என்றார் அவர். அவள் நம்பவில்லை.

அன்றைக்கே சித்தி மகள் லாட்ரீஸைப் போய்ப் பார்த்தாள். லமார் அவென்யூவில் மூடிப்போன சலவைக் கடையை ஒலிப்பதிவுக் கூடமாக்கி நடத்துகிறவள் லாட்ரீஸ். மழை பெய்தால் இன்னமும் அங்கே சோப்பு வாசனை வரும்.

"பதினோரு பாட்டு. எல்லாம் ஹார்லன் டீக் பாட்டு. அறுக்கறதுக்கு முன்னால முடிச்சாகணும்."

"நீ எழுதின பாட்டே நாப்பது கிடக்கு. செத்தவன் பாட்டு எதுக்குடி இப்ப?"

"என் பாட்டு யாருக்குத் தெரியும்? அவர் பாட்டுன்னா, அதுலேர்ந்து நான் எந்த இடத்துல விலகித் திரும்பறேன்னு ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரியும்தான். அந்த ஊர்ப் பாடகர் டீக். இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் இன்னமும் ஏசு படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவே அவர் படம் தொங்கும்.

இரண்டு மாதத்தில் பத்துப் பாட்டு முடிந்தது. டீக் ஆடவைத்த பாட்டுகளை வெர்டெல் உட்காரவைத்துப் பாடினாள். தாளத்தைத் தளர்த்தினாள், பியானோவில் வேறு வேறு வழிகளில் போய்த் திரும்பினாள். 'பூட்டாமல் வை' என்ற பாட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். பதின்மூன்று வயதில் இசைத்தட்டோடு கூடவே பாடிப் பாடிக் கற்றது அது. அதன் கடைசி வரியில் டீக்கின் குரல் ஓர் உச்சிக்கு ஏறி நிற்கும். எதை மாற்றினாலும் அந்தச் சுருதியை அவள் மாற்றியதில்லை. இறக்கிப் பாடுவது தோற்றவர்கள் வேலை என்பது அவள் கட்சி.

வியாழக்கிழமை, மே 15. வெள்ளியிலிருந்து பேச்சையே குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். மீதி இருந்தது அந்த ஒரு நாள்தான்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தாள். முதல் தடவை உச்சிக்கு ஒரு படி கீழே குரல் உடைந்தது. இரண்டாம் தடவையும் அங்கேயே. மூன்றாம் தடவை எட்டியது, ஆனால் கதவுக் கீல் கிறீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம். கைக்குட்டையில் துப்பியதை லாட்ரீஸ் பார்க்காதபடி மடித்து வைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் வாயை மூடு," என்றாள் லாட்ரீஸ்.

"திங்கக்கிழமை மூடிக்கறேன்."

இரண்டு மணிக்கு கிளியோஃபஸ் ரேன்டில் வந்தார். டீக்கின் அசல் பதிவில் கித்தார் வாசித்தவர்; அன்று வாசித்தவர்களில் உயிரோடிருப்பது அவர் ஒருவர்தான். எண்பத்திமூன்று வயது. அந்தத் தட்டுக்குப் பிறகு தபால் வேலைக்குப் போய்விட்டார். காலையில் டயாலிசிஸ் என்பதால் மத்தியானம்தான் வர முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, விரலுக்குப் பழகிய இடத்தில் பாட்டைத் தொடங்கினார். கித்தார் ஒரு பக்கம் போனது, பியானோ ஒரு பக்கம் போனது.

"உன் பியானோ எம்பி நிக்குதும்மா."

"செவ்வாக்கிழமைதான் சுருதி சேத்தது, மிஸ்டர் ரேன்டில்."

"சேத்தவன் காதைக் கழட்டிச் சேக்கணும்."

"தட்டுல இந்தச் சுருதிதான் இருக்கு."

"தட்டுல இருக்கும். ஹார்லன்கிட்ட இல்ல." கித்தாரை மடியில் சாய்த்துக்கொண்டார். "ரேடியோவுக்கு விறுவிறுப்பு பத்தலன்னு கம்பெனிக்காரன் டேப்பைக் கொஞ்சம் முடுக்கிவிட்டுட்டான். சுருதி அரைக் கட்டை ஏறிப்போச்சு. மேடைல ஹார்லன் அந்த இடத்தைத் தொட்டதே கிடையாது. மைக்கை ஜனங்க பக்கம் நீட்டிட்டுத் துண்டால முகத்தைத் தொடச்சுக்குவான்."

வெர்டெல் பியானோவிலிருந்து கையை எடுத்தாள்.

"நாப்பத்தஞ்சு வருஷம் பாடியிருக்கேன். யாருமே சொல்லலையே."

"யாரும் கேக்கலையே, கண்ணு. அந்த ரூம்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்."

வெர்டெல் அரைக் கட்டை இறக்கி, பியானோவில் உச்சியை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அது காலையில் அவள் குரல் உடைந்த அதே படி. நேற்றைக்கு இது தெரிந்திருந்தால் காப்பி குடித்துக்கொண்டே தொட்டிருக்கலாம்.

"லைட்டைப் போடு," என்றாள்.

பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கிளியோஃபஸ் நாலு சுரம் வாசித்து வழி விட்டார். முதல் அடியில் குரல் கரகரத்தது, ஆனால் நின்றது. இரண்டாம் அடியில் அவள் இந்த இரண்டு மாதத்தில் பாடியிராத அளவுக்குப் பாடினாள். மூன்றாவதில் ஏறத் தொடங்கினாள். கடைசி வரியின் நடுவில் குரல் போய்விட்டது. உடையக்கூட இல்லை. வாய் திறந்திருந்தது, காற்றுதான் வந்தது.

சர்ச்சில் இப்படி ஆனால் பாடுகிறவரைத் தனியாக விடமாட்டார்கள். துக்கத்தில் தொண்டை அடைத்தாலும் சரி, வயசில் மூச்சு முட்டினாலும் சரி, "நிதானம்மா, நிதானம்" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சொல்வார். அதற்குள் பத்துப் பேர் அந்த வரியை விழாமல் பிடித்துப் பாடிக்கொண்டு போவார்கள். வெர்டெலே எத்தனையோ பேருக்குப் பிடித்திருக்கிறாள். இப்போதும் பியானோவில் கையை வைத்தபடி காத்திருந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்குகள் திறந்திருந்தன. பதிவு கெட்டுவிடும் என்று இரண்டு பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளியோஃபஸின் விரல்களும் நின்றுவிட்டன.

வெர்டெல் எழுந்தாள். நாற்காலி தரையில் உரசியது.

விளக்கை அணைத்துவிட்டு லாட்ரீஸ் அவள் பக்கத்தில் ஓடி வந்தாள். "அந்த வரி என் வாய்க்குள்ளயே இருந்துச்சு வெர்டெல்."

"எனக்கும்தான்," என்றார் கிளியோஃபஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்புறம் ஏன் விட்டீங்க?" காற்றுக் குரலில்தான் கேட்டாள் வெர்டெல்.

"லைட் எரிஞ்சிட்டிருந்துச்சு," என்றாள் லாட்ரீஸ்.

பிறகு, காலையில் பாடியதிலிருந்து அந்த உச்சியை வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரில் வழவழப்பாக்கி, அரைக் கட்டை இறக்கி ஒட்டிவிடலாம் என்றாள். ஓர் ஆளுக்கும் தெரியாது என்றாள்.

வெர்டெல் பாட்டு எழுதிய தாளைத் திருப்பிப் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: ரூம்ல இருக்கற மூணு பேருக்குத் தெரியும்.

பதிவை அப்படியே விட்டார்கள். பதினோராவது பாட்டு கடைசி வரியின் பாதியில் நிற்கும். அதன் பிறகு ஒன்பது வினாடி ஒன்றும் இல்லை, நாற்காலிச் சத்தம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் பியானோ வாசித்தாள், பாடவில்லை. ஜூன் முதல் ஞாயிறிலிருந்து, இதுவரை வெர்டெல் பாடிவந்த தனிப்பாட்டு சிஸ்டர் எர்னஸ்டீனுக்கு என்று பாஸ்டர் அறிவித்தார். ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்; திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு லாட்ரீஸ் காரோடு வாசலில் வந்து நிற்பாள்.