ஸ்க்ரூ போன ஓட்டை

மின்னணுப் பெட்டிகள் எவ்வளவு சூடேறும் என்று கணினியில் பார்ப்பது எங்கள் வேலை. கணக்கு சீக்கிரம் முடிய, ஸ்க்ரூ மாதிரிச் சில்லறைகளை மாடலிலிருந்து முதலில் நீக்கிவிடுவோம். பக்கத்து இருக்கை அக்கா யாரையும் நம்பமாட்டார். நான் கொடுக்கும் மிட்டாயைக்கூட முகர்ந்துதான் தின்பார்.

அன்று ஒரு பெட்டிக்கு நாற்பது டிகிரிதான் வந்தது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"காத்தே புகாத பெட்டி சார், எப்படி இவ்ளோ குளிர்ச்சியா இருக்கும்? யாரோ சொதப்பியிருக்காங்க," என்று அக்கா என்னை முறைத்தார்.

மாடலைப் பெரிதாக்கினார். ஸ்க்ரூவை நீக்கிய புண்ணியவான் ஓட்டையை அடைக்கவில்லை. எட்டு ஓட்டை வழியாகவும் காற்று ஜாலியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"யார் அந்த மேதாவி?" என்று, யார் எதைத் திருத்தினார் என்ற பதிவைத் திறந்தார். எட்டு ஸ்க்ரூவுக்கும் எதிரே அக்கா பெயர்தான்.

பதிவைச் சட்டென்று மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என் பாஸ்வேர்டு உனக்கெப்படித் தெரியும்?"