அமாவாசையில் ஓடாத தங்கச்சி

அது ஒரு பிஸ்கட் டப்பாவின் வட்ட மூடி. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, விளிம்பைச் சுற்றி நூறு கோடுகள் இழுத்து, நடுவில் சிவப்பு முள் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பத்து நொடி. ஒரு கோடு தாண்டினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு. கோடு போடவே மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் முள் சுற்றியபோது எனக்கு வந்த தலைக்கனம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எடப்பாடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். தங்கச்சி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஓட்டக்காரி. எங்கள் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடுவே போகிற வண்டித்தடத்தில் செருப்பில்லாமல் ஓடிப் பழகியவள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓடினால், மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். "கவுண்டரூட்டுப் புள்ள கால்ல என்னத்தக் கட்டியிருக்குது?" என்று கேட்பார்கள். அவளுக்கு அது பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை.

சேலத்தில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஒரு நாள் சொல்லியனுப்பினார். நூறு மீட்டரைப் பதின்மூன்று நொடிக்குள் ஓடினால் இடம் கிடைத்துவிடும், தங்கிப் படிக்கலாம், பிறகு ரயில்வேயிலோ போலீசிலோ வேலையும் வரும் என்றார். வீட்டில் அப்போது வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மல்லசமுத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை, நல்ல இடம், சாதகமும் பொருந்திவிட்டது. தங்கச்சி மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். நான்காம் நாள் அப்பா இறங்கி வந்தார். "சேலத்துல எடுத்துட்டாங்கன்னா படிக்கட்டும், நாங் குறுக்க நிக்கல. எடுக்கலீன்னா தை மாசம் கல்யாணம். அப்பறம் எங்கிட்ட ஒண்ணும் பேசப்படாது." அவ்வளவுதான். கையில் மூன்று மாதம் இருந்தது.

பள்ளியில் ஸ்டாப்வாட்ச் ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் பீரோவில் பூட்டிக் கிடந்தது. பீரோவைத் திறந்தாலும் அது ஓடாது என்பது வேறு விஷயம். டீச்சர் வாயாலேயே ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் பிள்ளைகளை ஓட வைத்தார். எத்தனை நொடியில் ஓடுகிறோம் என்று தெரியாமல் ஒருத்தி எப்படி வேகத்தைக் கூட்டுவாள்? "நான் செஞ்சு தாரேன் பாரு" என்று நெஞ்சைத் தட்டினேன். பழைய ரெக்கார்டு பிளேயர் மோட்டார் ஒன்று கடையில் கிடந்தது. கிணற்று மோட்டார் ரூமிலிருந்து கரண்டு இழுத்து அதை ஓடவிட்டேன். புறப்படும் இடத்தில் ஒரு தகரத்தட்டு; அவள் கால் அதைவிட்டு எழுந்ததும் ஒரு ரிலே சுவிட்ச் முள்ளைப் பிடித்துச் சுற்ற வைக்கும். நூறாவது மீட்டரில் குறுக்கே ஒரு நூல்; அவள் நெஞ்சு பட்டு நூல் அறுந்ததும் முள் நின்றுவிடும். நூல் அறுந்தால் விசைத்தறி தானாக நிற்கிறதே, அந்த யோசனைதான். ஐம்பதாவது மீட்டரில் ஒரு மணியும் வைத்தேன். முள் இன்ன கோட்டைத் தாண்டியதும் மணி அடிக்கும். அதற்குள் அவள் அந்த இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இதுபோக, சட்டென்று திரும்பிப் பழக இடமும் வலமுமாக இரண்டு பல்பு. எது எரிகிறதோ அந்தப் பக்கத்துத் தட்டை ஓடிப்போய் மிதிக்க வேண்டும்.

எனக்குக் கடை லீவு அமாவாசைக்குத்தான். எங்கள் ஊர்ப்பக்கம் அமாவாசையன்று தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கடைத்தெருவும் ஓடாது. அந்த நாளில் வீட்டில் உட்கார்ந்து, என் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளை வைத்து என் முள்ளைச் சரிபார்த்தேன். நூறு சுற்றுச் சுற்றவிட்டும் இம்மி பிசகவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதல் ஓட்டம். பதின்மூன்று புள்ளி மூன்று. தங்கச்சி மூச்சு வாங்க வந்து மூடியைக் குனிந்து பார்த்தாள். "இன்னும் மூணு கோடுதானுங்ணா!" என்று குதித்தாள். அப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அதுதான் வேலை. பத்து ஓட்டம், பன்னிரண்டு ஓட்டம். மணி முந்திக்கொண்டு அடித்தால் அதைத் திட்டுவாள். அது அடிப்பதற்கு முன் தாண்டிவிட்டால் திரும்பி நின்று அதற்குப் பழிப்புக் காட்டுவாள். இரண்டு வாரத்தில் முள் பதின்மூன்றுக்குக் கீழே வந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் பன்னிரண்டு புள்ளி ஏழு.

நடுவில் ஒரு அமாவாசை வந்தது. லீவுதானே என்று அன்றும் ஓடினோம். பதின்மூன்று புள்ளி எட்டு. இன்னொரு முறை ஓடினாள், அதேதான். அவள் முகம் செத்துப்போயிற்று. மாட்டுக்குத் தீனி அள்ளிக்கொண்டிருந்த அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "அமாவாசையன்னிக்கி ஆராச்சும் ஓடுவாங்களா? ஒடம்பு கனக்குஞ் சாமி, உடு." மறுநாள் ஓடினாள். பன்னிரண்டு புள்ளி ஏழு. பார்த்தீர்களா, அம்மா சொன்னது சரிதான் என்று மூன்று பேரும் சிரித்தோம். அடுத்த அமாவாசைக்கு ஓடவே இல்லை. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அவள் படுத்துத் தூங்கினாள்.

கடைசி மாதம்தான் என் நெஞ்சை இன்னும் அறுக்கிறது. "இன்னும் ரெண்டு ஓட்டம் ஓடறனுங்ணா" என்பாள். "போதுஞ் சாமி, நெம்ப ஓடுனா சதை புடிச்சுக்கும். மூணு கோடு மிச்சம் இருக்குது, பொறகென்ன?" என்று நான்தான் நிறுத்துவேன். அவளுக்குத் தெம்பு இருந்தது. ஆசையும் இருந்தது. தட்டில் கால் வைத்துப் புறப்படுவதில் அவளுக்கு ஒரு தயக்கம் இருந்தது. அதையும் பிறகு விடுதியில் சரிசெய்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

சேலம் மைதானத்தில் மூன்று பேர் மூன்று ஸ்டாப்வாட்சோடு நின்றார்கள். தங்கச்சி நான்காவதாக வந்தாள். பதின்மூன்று புள்ளி ஏழு. எடுத்தது மூன்று பேரை. மூன்றாவதாக வந்த பெண்ணுக்குப் பதின்மூன்றுக்குச் சற்றுக் கீழே. எண்ணைப் படித்தபோது தங்கச்சி அவர்களைப் பார்க்கவில்லை, வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். "வாட்ச்சு தப்பா இருக்குமுங்க" என்று நான் அந்த அதிகாரியிடம் சண்டைக்குப் போனேன். "மூணும் ஒண்ணா தப்பாகுமா தம்பி?" என்று அவர் கேட்டார், கோபமில்லாமல்தான். எடப்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தங்கச்சி சொன்னாள். "மிசினு சரியாத்தானுங்ணா சொல்லுச்சு. அங்க போனதும் எனக்குக் காலு வரலீங்க. நான் ஒரு பயந்தாங்கொள்ளி."

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, தங்கமான மனிதர். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மைக் செட்டுக்காரன் ரெக்கார்டு போட்டிருந்தான். பாட்டு இழுத்தது. பாடகியின் குரல் ஆம்பிளைக் குரலாகிக்கொண்டிருந்தது. "மாப்ள, பாட்டு இழுக்குது, என்னன்னு பாரு" என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். சோற்றுக் கையைக் கழுவிவிட்டுப் போனேன். "செட்டுல ஒண்ணுமில்லப்பா, தறி ஓடுதில்ல, வோல்டேஜ் பத்தல. மோட்டார் மெதுவாத்தான் சுத்தும்" என்றேன். எத்தனையோ வீட்டில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. சொல்லி முடித்தபிறகுதான் என் காதில் விழுந்தது. ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தறி நிற்கிற அமாவாசையில்தான் என் மோட்டார் சரியாகச் சுற்றியது. அன்றைக்கு மட்டும்தான் முள் உண்மையைச் சொன்னது. அந்த ஒரு நாளைத்தான் நாங்கள் ஆகாத நாள் என்று ஒதுக்கினோம். மற்ற நாளெல்லாம் மோட்டாரும் முள்ளும் நொண்டி நொடியைக் குறைத்துக் காட்ட, அவள் வேகம் கூடியதாக நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். உண்மை தெரிந்திருந்தால் அவள் இன்னும் இருபது ஓட்டம் ஓடியிருப்பாள். நான்தானே போதும் போதும் என்றேன்!

அன்றே சொல்லியிருக்கலாம். மணவறையில் உட்கார்ந்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று விட்டேன். பிறகு மசக்கை, பிறகு குழந்தை. தள்ளிப்போட்டவனுக்குச் சாக்கா கிடைக்காது? அவள் மகளுக்குப் பத்து வயதானபோது, பள்ளியில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அம்மாவின் கால் அப்படியே. நான் அன்று தங்கச்சி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி மகளைப் பக்கத்தில் இழுத்து, "வேண்டாங் கண்ணு. நம்ம வம்சத்துக்கு ஆகற நேரத்துல காலு வராது. ஆசப்பட்டு அழுகறதுக்கு ஆசப்படாமயே இருக்கலாம்" என்றாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க சொல்லுங்க மாமா." நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கடைக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். இப்படி ஒரு கோழையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன ஆடியில் சொல்லிவிட்டேன். எனக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்து வந்த பிறகு. தங்கச்சி பார்க்க வந்திருந்தாள், தலை முழுக்க நரை. மோட்டார், வோல்டேஜ், அமாவாசை, பாட்டு இழுத்தது, எல்லாம் சொன்னேன். எதிரே அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும்.

"அப்ப அன்னிக்கி நான் பயப்படலீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல சாமி. நீ எப்பவும் ஓடற மாதிரிதான் ஓடுன."

கையிலிருந்த கீரைக் காம்பை முறத்தில் போட்டாள். "என் கல்யாணத்தப் பத்தி ஒண்ணுமில்லீங்ணா. அவுரு என்னய நல்லாத்தான் வெச்சிருக்கறாரு." பிறகு முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் புள்ள வந்து நின்னப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்ணா. அவள ஓட உட்டிருப்பேன்."