செங்கல் நிற்கும் இடம்

ராக்கெட் அண்ணன் மேஸ்திரிக்கு நூற்றெழுபது செங்கல் கடன்பட்டிருந்தார். கடன் பணமாக அல்ல, செங்கலாகவே. கீழிருந்து சாரத்துக்கு எறியும் கல் உடைந்தால் எறிந்தவர் கணக்கில் ஏறும். அது அந்த மேஸ்திரி போட்ட சட்டம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அண்ணன். முப்பது வருடத்தில் அந்தக் கை ஏற்றிய கல்லை அடுக்கினால் ஒரு தெருவே எழும்பும், சும்மா சொல்லவில்லை. அவர் எறிந்த கல் சாரத்தையும் தாண்டிப் போய்த்தான் திரும்பும். ராக்கெட் என்ற பெயர் அதனால் வந்தது. மேலே நின்று கல்லைப் பிடிக்கும் பழைய பிடிகாரருக்கு இரும்புக் கை, தாங்கினார். அவர் வேலையை விட்டதும் மேலே வந்து நின்றது அண்ணன் மனைவியின் தம்பி. பிடித்தது தொல்லை.

"மாமா, கல்ல எறியிறீங்களா, கோபத்த எறியிறீங்களா?"

"உனக்குக் கையா, வெண்ணெயா மச்சான்?"

மேஸ்திரி நடுவில் புகுந்தார். "சனிக்கிழமை ஆயிரம் கல்லு ஏத்துங்க. உடையிறது பத்துக்குள்ள இருந்தா பழைய கணக்கக் கிழிச்சுடுறேன். மேல போச்சுன்னா, திங்கட்கிழமை கல்லு ஏத்துற மெஷின் வரும், நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

வெள்ளிக்கிழமை, கல்லூரியில் இயற்பியல் படிக்கும் அண்ணனின் மகள் செல்போனோடு வேலையிடத்துக்கு வந்தாள். சுவரில் அடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்தாள். அப்பா எறிவதைப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு நொடித்துண்டுக்கும் கல் இருந்த உயரத்தைக் கட்டத்தாளில் புள்ளி வைத்தாள். சேர்த்து வரைந்ததும் ஒரு குன்று எழுந்தது.

"பாருங்கப்பா, கீழ கோடு செங்குத்தா ஏறுது, அங்க கல்லுக்கு வேகம் ஜாஸ்தி. உச்சியில படுத்துடுது, அங்க வேகமே இல்ல. மாமா கை இருக்கிறது உச்சிக்கு ஒரு மீட்டர் கீழ. கல்லு திரும்பி விழும்போது பிடிக்கிறாரு. அடிக்காம என்ன பண்ணும்?"

"உங்கப்பன் பலத்துக்கே கோடு போடுறியா?"

"பலம் கூடிப்போச்சுப்பா, அதான் தொல்லை."

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. தணித்து எறிந்தால் ராக்கெட் என்று எவன் கூப்பிடுவான்? ஆனாலும் தாளை விட்டுக் கண் நகரவில்லை. தடித்த விரலைக் குன்றின் உச்சியில் வைத்து, மச்சானின் கை இருந்த கோடு வரை இழுத்து இறக்கினார்.

"குன்ற இவ்வளவுதான் கட்டணும், இல்ல?"

மகள் சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை முதல் இருபது கல்லில் ஐந்து எட்டாமலேயே விழுந்து உடைந்தன.

"என்ன ராக்கெட்டு, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?" என்றார் சிமெண்டு குழைப்பவர்.

அண்ணன் அடுத்த கல்லை எடுத்தார். கை மெல்ல அளவைப் பிடித்தது. பிறகு ஒவ்வொரு கல்லும் மேலே போய், ஒரு கணம் தயங்கி, மச்சான் உள்ளங்கையில் அமர்ந்தது.

"மாமா, கல்லு வந்து உக்காருது!"

"எறியிறது யாரு?"

ஆயிரமாவது கல் ஏறியபோது உடைந்தவை ஒன்பது. மேஸ்திரி நம்பாமல் துண்டுகளை இரண்டு முறை எண்ணினார். பிறகு கணக்குத் தாளைக் கிழித்தார். பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து, வாரக்கூலியைப் பிடித்தம் எதுவும் இல்லாமல், அண்ணனின் விரித்த கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார்.