பந்தைப் பிடிக்கிற பொடி

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, பில்லியர்ட்ஸ் ஆடும் குச்சிக்கு எந்த டிப்பு நல்லது என்பதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் சங்கரன்கோவிலில் இரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள். ஒருவர் என் சித்தப்பா. இன்னொருவர், பேருந்து நிலையத்துக்கு எதிர்த்தெருவில், செல்போன் கடையின் மேல்மாடியில் பில்லியர்ட்ஸ் மேசை போட்டிருந்த அண்ணாச்சி. புளியங்குடிக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவர் எங்களுக்கு எதிரணி. எதிரணிக்கு ஏதாவது தெரியும் என்று ஒப்புக்கொள்கிற வயதில்லை அது.

டிப்பு என்பது குச்சியின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வில்லை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். குச்சி எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் பந்தைத் தொடுவது இந்தத் தோல் மட்டுமே. அதுவும் கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய பங்கு. அதற்குள் தோல் வழுக்காமல் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால், வெள்ளைப் பந்து இன்னொரு பந்தை இடித்த பிறகும் நாம் சொன்னபடி முன்னால் போகும், நிற்கும், பின்னால் திரும்பி வரும். பிடிக்காவிட்டால் அது பாட்டுக்குப் போகும்.

சித்தப்பா கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை லீவுகளில் தொழிலாளர் கேம்ப்பில் ஆடிப் பழகியிருந்தார். முந்தைய விடுமுறையில் கல்யாணம் முடித்து, நாற்பத்திரண்டாவது நாள் விமானம் ஏறியவர், இரண்டு வருடம் முடிகிற சமயத்தில் அந்த மே மாதம் மறுபடி வந்திருந்தார். அவரும் சித்தியும் சேர்ந்திருந்ததைப்போலப் பதினாறு மடங்கு நாட்கள் பிரிந்திருந்தார்கள் என்று நான் வகுத்துப் பார்த்து வீட்டில் அறிவித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினாள்.

அவர் திரும்பிப் போகாமல் இருக்க ஒரு வழி வந்தது. அண்ணாச்சி இன்னும் இரண்டு மேசைகள் வாங்கப்போகிறார். ஹாலை முழுப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சித்தப்பா கேட்டார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்தப் புளியங்குடிக்காரரும் கேட்டார். இரண்டு பேரும் ஆட்டத்தில் கெட்டிக்காரர்கள். அண்ணாச்சிக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், யாரையும் பகைத்துக்கொள்ளப் பிடிக்காது.

“ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம ஆடுங்க. அஞ்சு ஆட்டம். ஜெயிக்கவரு ஹால் சாவிய வாங்கிக்கிடுங்க. நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் பாருங்க” என்று முடித்துவிட்டார்.

அப்பா சித்தப்பாவிடம் சொன்னதும் சுருக்கம்தான். “சாவி கெடச்சா இங்கனயே இருல. கெடைக்கலன்னா பேசாம பிளேன் ஏறு.”

எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னால் சித்தியும் சித்தப்பாவும் நேராகப் பேசிக்கொள்வது கிடையாது. “சித்தப்பாவ சாப்பிட வரச் சொல்லு” என்று சித்தி என்னிடம் சொல்வாள். இரண்டடி தூரத்தில் இருக்கும் அவர், நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். இதில் எனக்கு ஒரு வினோதமும் தெரியவில்லை. தபால்காரர் இருக்கிற ஊரில் ஆட்கள் நேரில் போய்ப் பேசவா செய்கிறார்கள்?

ஹாலுக்குப் பெண்கள் போவதில்லை. நான் பெண் என்கிற கணக்கில் இன்னும் சேரவில்லை. மதியம் சித்தப்பாவின் பைக்கில் ஏறிப் போய்விடுவேன். முன்னே நூல் குடோனாக இருந்த அறை அது. ஜன்னல் கம்பிகளில் பஞ்சு ஒட்டியிருக்கும், பக்கத்துத் தெருவின் தறிச் சத்தம் கேட்டபடி இருக்கும். திரும்பி வந்ததும் அடுப்படியில் சித்தியிடம் அன்றைய செய்தி முழுவதையும் ஒப்பிக்க வேண்டும். அவள் மேசையைப் பார்த்ததே இல்லை. பந்துகள் எத்தனை, என்ன நிறம், குழி எங்கே இருக்கும் எல்லாம் என் வாயால் கேட்டுத்தான் தெரியும்.

சித்தப்பா கத்தாரிலிருந்து நான்கு டிப்புகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று மெத்தென்றிருக்கும், ஒன்று நடுத்தரம், ஒன்று கெட்டி, ஒன்று மெல்லிய தோல்களை அடுக்கடுக்காக வைத்து ஒட்டியது. எதைப் போட்டு ஆடுவது என்று அவருக்குக் குழப்பம். எனக்குக் குழப்பம் என்றாலே பிடிக்காது. நோட்டில் கட்டம் போட்டேன். ஒரு டிப்பை ஒட்டுவது, காய்ந்ததும் பிளேடால் ஓரம் சீவுவது, நுனி ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு போல வளையும்வரை உப்புத்தாளில் தேய்ப்பது, பிறகு பத்து அடி. வெள்ளைப் பந்தும் மஞ்சள் பந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இருக்கும். மஞ்சளைக் குழியில் விழுத்திவிட்டு வெள்ளை எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது என்று அம்மாவின் தையல் டேப்பால் அளப்பேன். நாலு நாளில் நாலு டிப்பு.

மெத்தென்ற டிப்புதான் அசத்தியது. ஒரு தடவை வெள்ளை மேசையின் இந்த ஓரம்வரை ஓடி வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் விசிலடித்தார்கள். அடுத்த தடவை பாதி தூரம்கூட வரவில்லை. எட்டாவது அடிக்குள் தோல் பிதுங்கிக் காளான் மாதிரி ஆகிவிட்டது. கெட்டி டிப்பு அப்படியே இருந்தது, ஆனால் பத்தில் இரண்டு தடவை வழுக்கியது. நடுத்தரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அடுக்குத் தோல் ஒருமுறைகூட விசில் வாங்கவில்லை. ஆனால் பத்து தடவையும் வெள்ளை வந்து நின்ற இடங்களை ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடிவிடலாம்.

சித்தப்பாவுக்கு மனம் முதல் டிப்பிலேயே இருந்தது.

“பந்த எப்படிக் கடிக்குது பாத்தேல்லா மக்கா?”

“ரெண்டு தடவதான் கடிச்சிச்சு. மிச்சம் எட்டு தடவ நக்கிச்சு.”

“ஏட்டி!”

“விசிலுக்கு ஆடணும்னா அதப் போடுங்க. சாவிக்கு ஆடணும்னா இதப் போடுங்க.”

அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. “ஏ அய்யா, சாவிய இந்தப் புள்ளைட்டயே குடுத்துரவா?” என்றார். சித்தப்பா அடுக்குத் தோலைப் போட்டார். என் வாழ்க்கையில் ஒரு பெரியவர் என் கட்டத்தைப் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இப்போது பொருட்களின் தேய்மானத்தைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அப்படி மாற்றிக்கொள்ளும் பெரியவர்கள் அதிகம் இல்லை என்று தெரியும்.

அன்று சாயந்திரம் சித்தியிடம் வெற்றியை விவரித்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். “அப்ப அந்தத் தோலு நல்லாப் பிடிக்குமா?”

இங்கேதான் எனக்குத் தெரிந்தது தலைக்கேறிவிட்டது. “தோலு மட்டும் பிடிக்காது சித்தி. தோலு சும்மா தாங்கத்தான் செய்யும். அதுக்கு மேல பொடி பூசுவாக, நீலக் கலர்ல, சாக்குன்னு பேரு. அந்தப் பொடிதான் பந்தப் பிடிக்கும். பொடி போட்டாத்தான் பிடிக்கும்.”

சித்தி கை கொஞ்சம் நின்றது. “பொடியா?” என்றாள். பிறகு கீரையை உருவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளித்துக் கோவிலுக்குப் போய் வந்தாள். எங்கள் ஊர்க் கோவிலின் புற்றுமண்ணை உடம்புக்கு முடியாவிட்டால் நெற்றியில் பூசுவோம், தோலில் வந்த சிரங்குக்குப் பூசுவோம், பரீட்சைக்குப் போகும்போது பேனாவில்கூடத் தடவுவோம். சித்தி அந்த மண் இருந்த ஒரு காகித மடிப்பை என் கையில் திணித்தாள்.

“நீ சொன்னேல்லா, பொடி போட்டாத்தான் பிடிக்கும்னு. இதவிட எது பிடிக்கப் போவுது? அந்தத் தோலுல பூசி விடு. அவுககிட்ட சொல்லாத. கேட்டா மட்டும் சொல்லு.”

சாக் என்பது வெறும் பொடி அல்ல. கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமான துகள்கள் அதில் இருக்கும். அவைதான் தோலிலும் பந்திலும் ஊன்றிப் பிடிக்கின்றன. களிமண்ணின் துகள்கள் தட்டையானவை, ஈரம் பட்டால் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும். இதைக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தேன். பதினொரு வயதில் பொடி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சித்திக்கு விளக்கம் கொடுத்தேன். அவள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டாள். குறை என் சொல்லில் இருந்தது.

ஹாலில் முப்பது பேராவது இருந்தார்கள். சித்தப்பா இரண்டு ஆட்டம், புளியங்குடிக்காரர் இரண்டு ஆட்டம். ஐந்தாவதில் சித்தப்பா நிதானமாக ஆடினார். அடுக்குத் தோல் என் நோட்டில் உள்ளபடியே நடந்துகொண்டது. அவருக்கு மிச்சம் ஒரு மஞ்சள், பிறகு கறுப்பு. தன் பந்துகளை முடித்துவிட்டுக் கறுப்பை விழுத்துகிறவருக்கே ஆட்டம். அடுத்த அடி குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது. புளியங்குடிக்காரர் எழுந்தார். சித்தப்பா குச்சியை என் ஸ்டூலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்துவிட்டு ஜன்னலோரம் டீ குடிக்கப் போனார்.

எல்லாருடைய கண்ணும் மேசையில். காகிதத்தைப் பிரித்தேன். காய்ந்த மண் தோலில் நிற்காமல் உதிர்ந்தது. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஓரம் முதல் நடுவரை ஒரே சீராகப் பூசினேன். சாக்கைவிட நன்றாக ஒட்டியது. நேர்த்தியான வேலை என்று நினைத்தேன்.

புளியங்குடிக்காரர் நான்கு பந்துகளை வரிசையாக விழுத்தினார். மிச்சம் இருந்த ஒன்றைத் தவறவிட்டார். சித்தப்பா வந்து குச்சியை எடுத்தார். மஞ்சள் குழிக்கு எதிரேதான் இருந்தது. அதை விழுத்தி வெள்ளையைப் பின்னால் வரவழைத்தால் கறுப்பு நேராகக் கிடைக்கும். நாலு நாளில் நாற்பது தடவை அடித்த அடி. பையிலிருந்து சாக்கை எடுத்து டிப்புக்கு அருகே கொண்டுபோனவர், அப்படியே நின்றார்.

புளியங்குடிக்காரரும் பார்த்துவிட்டார். “என்ன வே இது, புத்துமண்ணா? சங்கரன்கோயில்காரங்க சாமியவும் சேத்துக் கூட்டிட்டு வந்துதான் ஆடுவீகளோ? அப்ப நான் ஒத்த ஆளுல்லா!”

ஹாலே சிரித்தது. அண்ணாச்சி ஈரத்துணியை மேசை ஓரத்தில் சித்தப்பா பக்கமாக நகர்த்தி வைத்தார். “தொடச்சிட்டு ஆடுப்பா. அவசரம் ஒண்ணும் இல்ல.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். “யாரு மக்கா?”

கேட்டால் சொல்லலாம். சொன்னேன். “சித்தி.”

“என்ன சொன்னா?”

“இதான் நல்லாப் பிடிக்கும்னு.”

அவர் டிப்பை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். ஊதுவார் என்று நினைத்தேன், ஊதவில்லை. துணியை எடுக்கவில்லை. சாக்கைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டார். பிறகு குனிந்து அடித்தார்.

சத்தம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தோல் பந்தைப் பிடிக்கும்போது ஒரு முழு ஒலி வரும். இது தகரத்தில் நகம் பட்டதுபோல இருந்தது. வெள்ளை ஒரு துள்ளு துள்ளி மஞ்சளைத் தொடாமலே ஓரத்தில் போய் நின்றது. புளியங்குடிக்காரர் தன் பந்தை விழுத்தினார், கறுப்பை விழுத்தினார், சாவியை வாங்கிக்கொண்டார். கேலி பேசியவர் இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நல்ல ஆட்டக்காரரு நீரு. ஏன் வே தொடைக்கல?”

சித்தப்பா சிரித்துக்கொண்டே என்னை ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டார்.

பைக்கில் வரும்போது நான் அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். “மண்ணால இல்ல மக்கா. கை நடுங்கிட்டு” என்றார். அவர் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கவில்லை.

வீட்டில் அப்பா கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், டிக்கெட் தேதியைச் சொன்னார். ஒன்பதாம் நாள் சித்தப்பா கிளம்பிப் போனார். அடுத்த விடுமுறைக்கு இன்னும் இரண்டு வருடம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, பைக்கிலிருந்து இறங்கியதும், நான் நேராக அடுப்படிக்குப் போனேன். சித்தி கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் குற்றத்தையும் ஒப்புக்கொண்டேன். “மண்ணுதான் சித்தி காரணம். தொடச்சிருந்தா ஜெயிச்சிருப்பாக.”

சித்தியின் முகம் வெளிறிப் போயிற்று. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “நான் குடுத்து விட்டதுன்னு அவுகளுக்குத் தெரியுமா?”

“கேட்டாக. சொன்னேன்.”

“தெரிஞ்ச பொறகா தொடைக்கல?”

“ஆமா. அண்ணாச்சி துணியக்கூடப் பக்கத்துல நகத்தி வச்சாக. எடுக்கவே இல்ல.”

“எல்லாரும் சிரிச்சாகளா?”

“ஹாலே சிரிச்சிச்சு.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாள் என்று பக்கத்தில் போனால், வாய் ஓரம் வேறு மாதிரி இருந்தது. அண்ணாச்சி துணியை நகர்த்தி வைத்த இடத்திலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை. ஆட்டத்தின் முடிவு அவளுக்குச் சரியாக விளங்கவில்லை என்று எனக்குப் பட்டது. எனவே நிறுத்தி, நிதானமாக, தெளிவாகச் சொன்னேன்.

“சித்தி, நாம தோத்துட்டோம்.”

“தெரியும் மக்கா, தெரியும்” என்றாள். “நீ சொல்லு. சாக்க எடுத்து எங்க வச்சாக?”