கதவைச் சாத்திக் காட்டுங்கள்

அழுக்கைக் கழுவும் இயந்திரம் விற்பவனை, எல்லாம் சுத்தமாக இருக்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை. இயந்திரம் நின்றுபோனால் மட்டும் அவன் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஏதோ ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றுப் பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் டெக்சாஸில், சான் அன்டோனியோவிலிருந்து மெக்சிகோ எல்லையில் இருக்கும் லரேடோ வரை, நூற்றைம்பது மைல் நெடுஞ்சாலைதான் என் கடைத்தெரு. லாரி, கால்நடை வண்டி, தொழிற்கூடத்துத் தரை, இவற்றைக் கழுவும் இயந்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவேன். என் மனைவி ரெஜினா நர்ஸ். அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்துத்தான் நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வந்தோம். என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. பழைய இயந்திரம் ஒன்றை கராஜில் பிரித்துப் பிரித்து மாட்டித் தொழில் கற்றுக்கொண்டேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

ரமிரோவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆகஸ்ட் மாத மதியம், லரேடோவில், பாலத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் மெக்சிகோ. அங்கே அவனுக்கு லாரி கழுவும் கொட்டகை ஒன்று இருந்தது. மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்கான இயந்திரங்களை என்னிடமிருந்து வாங்கி அக்கரைக்குக் கொண்டுபோவதும் அவன்தான். நான் பாலம் தாண்ட முடியாது. ரெஜினாவின் ஆஸ்பத்திரி மூலம் எங்களுக்கு கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தோம். அது வருவதற்குள் நாட்டை விட்டு ஓர் அடி வெளியே வைத்தாலும் விண்ணப்பம் செத்துப்போகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆகவே அக்கரையில் என் இயந்திரங்கள் போன இடங்களை நான் பார்த்ததில்லை.

அன்று அவன் தன் கொட்டகைக்கே ஒன்று வாங்கினான். வெந்நீர் இயந்திரம். டீசல் அடுப்பு ஒன்று உள்ளே எரிந்து தண்ணீரைச் சுட வைக்கும். அதைக் கூரைக்குக் கீழே வைத்தால் புகை வெளியே போக வேண்டும். ஆறு அங்குலப் புகைக்குழாய் ஒன்று என் வேனில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டான். புகை போக வழி இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். கதவு ஒரு லாரி அகலம், எப்போதும் திறந்தேதான் கிடக்கும் என்றான். தார் உருகி செருப்பில் ஒட்டும் வெயில் அன்று. அப்புறம் எதற்குச் சுவரை உடைப்பது என்று எனக்கும் பட்டது. குழாயைத் திரும்ப வேனில் போட்டுக்கொண்டேன்.

இயந்திரத்தை அவன் வண்டிக்கு மாற்றிக் கயிறு கட்டினோம். ஒருநாள் வந்து நீயே பாரேன் என்றான். கார்டு வரட்டும் என்றேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னான்: “வாசல் வரைக்கும் வந்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் உள்ளே வராமல் போகிற விருந்தாளி நீ ஒருத்தன்தான்.”

முதலில் நிறுத்து

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. இயந்திரத்தை இறக்கியதும், ஓட்டப்போகிறவரை அழைத்து முதலில் அதை நிறுத்தச் சொல்லிக்கொடுப்பேன். நான் ஓட்டுவேன், அவர் நிறுத்த வேண்டும். பத்துத் தடவை. பிறகுதான் ஓட்டுவது எப்படி என்பது. அந்தத் தண்ணீரின் வேகம் பெயின்டை உரிக்கும், பூட்ஸைக் கிழிக்கும். பயந்துபோன மனிதனின் கை, தெரிந்த இடத்துக்குத்தான் போகும்.

வழியில் ஒரு கால்நடை வண்டி முற்றத்தில், அறுபது வயது தாண்டிய ஒரு கிழவருக்கு இது பிடிக்கவில்லை. நான் சொன்னபடி பத்துத் தடவை நிறுத்தினார். பதினோராவது தடவையும் நிறுத்தச் சொன்னபோது தொப்பியைக் கழற்றி என்னையே பார்த்தார். மாட்டுச் சாணம் முழங்கால் வரை அப்பியிருந்தது. அவர் சொன்னது: “நாற்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். வேலையை நிறுத்தச் சொல்லி முதல் நாளே பாடம் எடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.”

நான் கவனமானவன் என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் பானை

அந்த ஆகஸ்டுக்கு அடுத்து வந்த ஜனவரியில் சான் அன்டோனியோவில் இருந்த சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் வைத்தோம். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வீட்டிலிருந்து பெரிய பானை வந்தது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னதில் சர்க்கரைப் பொங்கல் அடிபிடித்து, பானைக்குள் இன்னொரு பானை போல ஆகிவிட்டது. தொழில்காரன் நான் இருக்க, அதைத் தேய்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

வேனில் சின்ன வெந்நீர் இயந்திரம் ஒன்று இருந்தது. ஹாலுக்குப் பின்னால் அதை இறக்கினேன். அன்று காலையிலிருந்தே வடக்குக் காற்று. டெக்சாஸ்காரர்களுக்குத் தெரியும், முந்தின நாள் சட்டையோடு நின்ற இடத்தில் மறுநாள் பல் தந்தியடிக்கும். என் விரல்கள் நீலமாகிவிட்டன. டாக்டரின் மனைவி பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெஷினை கிச்சனுக்கே கொண்டுவந்துவிடலாமே என்றார். உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள், இந்தப் புகை ஆகாது, மணமே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்று விளக்கம் கொடுத்தேன். நன்றாகவே கொடுத்தேன். ரெஜினா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்த அம்மாள் என் மேல் வைத்த இரக்கத்தில் மறுபடியும் சொன்னார்: “அதுக்கில்லை தம்பி, குளிருதெல்லோ, உள்ளுக்க வந்து கதவைச் சாத்திப்போட்டுக் கழுவுங்கோவன்.”

திங்கட்கிழமை

லரேடோவில் எங்கள் சுங்கக் காகிதங்களைப் பார்க்கும் தரகர் திங்கட்கிழமை காலை போன் செய்தார். ரமிரோ இறந்துவிட்டான் என்றார். சனிக்கிழமை. நாங்கள் பொங்கல் வைத்த அதே நாள். அந்த வடக்குக் காற்று அங்கேயும் போயிருக்கிறது. சேறு அப்பிய லாரி ஒன்று வந்திருக்கிறது. அவன் அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு இயந்திரத்தை ஓட்டியிருக்கிறான். லாரிக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம்.

நான் ரெஜினாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னேன். கேட்டேனே, புகை போக வழி இருக்கிறதா என்று கேட்டேனே, கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றானே. அவன் பொய் சொல்லவில்லை. அவன் ஊரிலும் என் ஊரிலும் கதவு என்பது காற்று வர. குளிருக்காக ஒருவன் பட்டப்பகலில் கதவைச் சாத்துவான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஆகஸ்டில் தோன்றவே இல்லை. ரெஜினா ஆஸ்பத்திரியில் தினமும் நோயாளிகளைக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்பவள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் போதாது, எப்போது என்றும் கேட்க வேண்டும் என்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்: “நீங்க கேட்டீங்க. எந்த மாசம்னு கேக்கலை.”

குழாய் தாண்டியது

அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று லரேடோ வரை ஓட்டினேன். போனால் போங்கள், வருகிறது வரட்டும் என்று ரெஜினா சொல்லித்தான் அனுப்பினாள். பாலத்தடியில் வேனை நிறுத்தினேன். நடந்தால் பத்து நிமிஷம். தாண்டினால் திரும்பி வர முடியாமல் போகலாம். அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். ஜனங்கள் பையும் கையுமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு மணி நேரம் நின்றேன். தாண்டவில்லை.

வேனில் அந்த ஆறு அங்குலக் குழாய் அப்படியே கிடந்தது. தரகரின் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்து, ரமிரோவின் மனைவி லூப்பேயிடம் சேர்க்கச் சொன்னேன். அவள் கொட்டகையை விடமாட்டாள், அவளுடைய தம்பி நடத்தப்போகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். தரகர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கேட்டது: “இதற்கு என்ன காரணம் எழுத?”

உள்ளே

கிரீன் கார்டு ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. அந்த வாரமே நானும் ரெஜினாவும் பாலம் தாண்டினோம். லூப்பே சின்ன உருவம். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் எங்களுக்கு நாற்காலி போட்டாள், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். இயந்திரம் மூலையில் இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஓட்டை போட்டு, நான் அனுப்பிய குழாயை மாட்டி, சுற்றிலும் சிமென்ட் பூசியிருந்தார்கள்.

ஒரு தடவை கதவைச் சாத்திக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தானே போய் இழுத்துச் சாத்தினாள். தகரக் கதவு சிமென்டில் உரசிக்கொண்டு போய் நின்றது. நல்ல இருட்டு. நாங்கள் மூன்று பேரும் அதற்குள் கொஞ்ச நேரம் நின்றோம். இந்த வாசனையில், இந்த ஈரத்தில்தான் அவன் நின்றிருப்பான். நான் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். லூப்பே இருட்டிலிருந்து பதில் சொன்னாள்: “கேட்டிருந்தால் சாத்திக் காட்டியிருப்பார். நீங்கள் என்ன கேட்டாலும் செய்வார்.”

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். கதவைச் சாத்திக் காட்டாத யாருக்கும் வெந்நீர் இயந்திரம் விற்கவில்லை. நல்ல வெயிலில் கதவைச் சாத்தச் சொல்லும் இந்தியனுக்குப் புத்தி சரியில்லை என்று அந்தச் சாலையில் ஒரு பேச்சு இருந்தது.

ரெஜினா கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது, லூப்பே அந்தக் கொட்டகையை டயர் கடைக்கு விட்டிருக்கிறாள், இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது, குழாய் மட்டும் சுவரில் இருக்கிறது.