எனக்கு மனப்பாடம் இல்லாத அதிகாரம்

போன ஆடியில், தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் எனக்கு வாசிக்கத் தெரியாமல் போயிற்று. வேறு எதுவும் போகவில்லை. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, பேச்சு எப்போதும்போல் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. காப்பி போட்டுவிட்டு வேதப்புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் முழுக்க எழுத்து இருந்தது. ஒன்றுகூடத் தெரிந்த முகமாக இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பிறகுதான் பயந்தேன்.

அவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். திருவிழாக் கூட்டத்துக்குள் புகுந்து எப்படியோ ஒரு கார் பிடித்து, என்னைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூளையின் பின்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து விலாசம் எழுதச் சொன்னார். முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். தாளைக் கொஞ்ச நேரம் மறைத்து வைத்திருந்து, திரும்ப நீட்டி, வாசிக்கச் சொன்னார். "இது யார் எழுதினது?" என்று கேட்டேன்.

எழுதலாம், வாசிக்க முடியாது. வலதுபக்கப் பார்வையும் கொஞ்சம் போயிருக்கிறது என்றார். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அடுத்துச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "இந்த வயசுல இனி பெரிசா எதிர்பார்க்க வேண்டாம்மா. கேட்டுப் பழகிக்குங்க."

எனக்கு அறுபத்தொன்று. சங்கரன்கோவிலில் முப்பது வருஷம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள். பத்தாவது ஃபெயில் ஆனவர்களை எல்லாம் உட்காரவைத்து, கீழே பார்க்காமல் அடிக்கப் பழக்கி, அரசாங்க வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். எந்த வயதில் எது வரும், எது வராது என்று ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் சபையில் இரண்டு காரியம் நடந்தது. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். ஜெபிக்க வேண்டிய நோயாளிகள் பட்டியலில் சேர்த்தார்கள். பெண்கள் சங்கத்துச் செயலாளர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனுஷி. ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருஷம் வாசிச்சிட்டீங்கல்லாக்கா. மனசு பூரா வசனம் கெடக்கு. அது போதும்க்கா."

அந்தப் 'போதும்' என் காதிலேயே நின்றுவிட்டது. ஆறு வயதில் ஞாயிறு பள்ளியில் முதல் வசனம் ஒப்பித்து எவர்சில்வர் தம்ளர் வாங்கினேன். அன்றிலிருந்து சேர்த்ததெல்லாம் உள்ளே இருக்கிறது, உண்மைதான். ஆனால் சேர்த்தது முடிந்துவிட்டது, இனி புதிதாக ஒன்றும் கிடையாது, இருப்பதை வைத்துக் காலத்தைத் தள்ளு என்று ஒருத்தர் ஆப்பிளோடு வந்து சொன்னால் கோபம் வராதா? எனக்கு வந்தது.

சென்னையில் இருக்கும் மகள், போனில் வேதத்தை வாசிக்கிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது போய்க்கொண்டே இருந்தது. நான் வாசிக்கிற ஆள் மட்டுமில்லை, சண்டை போடுகிற ஆளும்கூட. ஒரு வசனத்தில் நின்று, இது என்ன நியாயம் என்று கேட்டு, மேலேயும் கீழேயும் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வாழ்ந்தவள். போனோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது வேதத்தில் வருகிற ஒரே ஒரு சம்பவம். ஆடு மேய்த்துப் பின்னால் ராஜாவான அந்த மனுஷன், தலைமறைவாகத் திரிந்த காலத்தில் ஒருநாள் ஊருக்குத் திரும்புகிறான். ஊர் எரிந்து கிடக்கிறது. பெண்டுபிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட வந்த ஆட்களே அவன்மேல் எறியக் கல்லெடுக்கிறார்கள். ஆறுதல் சொல்ல ஒரு நாதி இல்லை. அவனுக்கு அவனே கடவுளைச் சொல்லித் தைரியம் சொல்லிக்கொள்கிறான். எனக்குக் கல்லெடுக்க யாருமில்லை, ஆப்பிள்தான் எடுத்து வந்தார்கள். ஆனாலும் அடுப்படியில் நின்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். "ஏட்டி, நீ வாசிப்ப. வாசிக்காம விடமாட்ட."

மூன்றாம் மாதம் ஒரு காலையில் வேதப்புத்தகத்தைத் திறந்தேன், தொண்ணூற்றோராம் சங்கீதம் கடகடவென்று வந்தது. விரலை வரிமேல் வைத்து ஓட்டினேன், தட்டாமல் தடுக்காமல் வந்தது. வீடு அமர்க்களப்பட்டது. மகள் போனில் அழுதாள். அந்த வாரமே வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். சபைப் போதகரான ஐயர் வந்தார், செயலாளர் வந்தார், கூடம் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து அந்தச் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை வாசித்தேன். அற்புதம் என்று சாட்சி சொன்னார்கள். கேசரியும் காப்பியும் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் வீட்டுக்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாத."

"சொல்லுங்க."

"நேத்து நீ வாசிக்கும்போது நான் பின்னாலதான நின்னேன். நீ தொறந்து வச்சிருந்த பக்கம் சங்கீதமே இல்ல. தீர்க்கதரிசி ஒருத்தரு ஊரப் பாத்து ஏசிக்கிட்டு இருந்தாரு."

"அப்பவே சொல்லுததுக்கு என்ன?"

"எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?"

ஒருநாள் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் பொய் சொல்லுகிறார் என்றுகூட நினைத்தேன். மறுநாள் சிவகிரியில் ஒரு கல்யாணம். பேருந்து நிலையத்தில் நின்றோம். ஒரு வண்டி வந்தது. "என்ன போட்டிருக்கு, வாசி" என்றார். "சிவகிரி" என்றேன். "பனவடலிசத்திரம்" என்றார். அடுத்த வண்டிக்கும் சிவகிரி என்றேன். அது இளையரசனேந்தல் போகிறது. கல்யாணம் சிவகிரியில், அதனால் என் கண்ணுக்கு எல்லா வண்டியும் சிவகிரி. அங்கேயே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பேருந்து நிலையமே பார்க்க அழுதேன். அழுது முடித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உள்ளே கிடக்கிற வசனங்கள் எல்லாம் எனக்கு உதவி செய்கிறோம் என்று முந்திக்கொண்டு ஓடிவந்து என்னை ஏமாற்றியிருக்கின்றன. வாசிப்பு வர வேண்டுமானால், எனக்குத் தெரியாததைத்தான் வாசிக்க வேண்டும்.

வழி விரலில் இருந்தது. ஓர் எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் வளைவைப் பார்த்துப் பார்த்து, தொடைமேல் விரலால் அதேமாதிரி வரைந்தால், இது 'க' என்று விரல் சொல்லிவிடும். அதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வோர் எழுத்தாக வரைந்து, கூட்டி, ஒரு சொல். உப்புப் பொட்டலம், மாத்திரை அட்டை, மின்தடை அறிவிப்பு என்று எது கிடைத்தாலும் விடவில்லை. நான் முழுசாக வாசித்து முடித்த முதல் சங்கதி எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். சந்தோஷத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னார் இறந்துபோனார் என்றேன்.

"அவரு போயி நாப்பது நாளாச்சு. உனக்கு இப்பதான் சேதி வந்திருக்கு" என்றார்.

பிறகு வேதத்துக்கு வந்தேன். வழக்கமான பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்துவிட்டு, இத்தனை வருஷமும் நான் தாண்டிக் குதித்துப் போன அதிகாரங்களை எடுத்தேன். கூடாரத்துக்கு இத்தனை முழம், திரைக்கு இத்தனை கொக்கி, தோலில் வெள்ளை விழுந்தால் என்ன செய்வது. அப்போதுதான் வெட்கப்பட்டேன். வேதம் கரைத்துக் குடித்தவள் என்று சபையில் எனக்குப் பெயர். உண்மையில் டவுன் பஸ் மாதிரி அதே ஐம்பது அதிகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். ஒரு காலை முழுவதும் உட்கார்ந்தால் நாலு வசனம் வந்தது. கண் எரிந்தது. சில நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கடவுளோடு நேராகவே பேசினேன். அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது.

மாசியில் பெண்கள் ஞாயிறு வந்தது. அன்றைக்கு ஆராதனையில் பாடம் வாசிப்பதெல்லாம் பெண்கள்தான். ஐயரே வீட்டுக்கு வந்து, மேய்ப்பன் சங்கீதத்தை நான் வாசிக்க வேண்டும் என்றார். எங்கள் கூடத்தில் நடந்த அற்புதத்தின் உண்மைக் கதையை வீட்டுக்காரர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"புத்தகம் சும்மா கையில இருந்தாப் போதும்மா. உங்களுக்கு அது தூக்கத்துலயும் வருமே."

"அது ஒப்பிக்கிறது ஐயா. வாசிக்கிறது இல்ல. எனக்குத் தெரியாததக் குடுங்க."

"உங்களுக்குத் தெரியாதது எதும்மா?" என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

"இடிஞ்சுபோன பட்டணத்து மதில ஆளுக்குக் கொஞ்சமா கட்டினாங்களே, அந்தப் பட்டியல்."

ஐயர் சிரித்துவிட்டார். "அது எனக்கே தெரியாதும்மா. பூரா பேரா வரும். கண்ணு நல்லா இருக்கவங்களே தடுக்கி விழுவாங்க."

"விழுந்தா எந்திரிக்கேன்."

அதிகாரம் முழுவதும் முப்பத்திரண்டு வசனம். பேரம் பேசிப் பன்னிரண்டில் வந்து நின்றோம். முன்கூட்டி அதைத் திறந்து பார்ப்பதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். பத்துத் தடவை பார்த்தால் மனப்பாடமாகிவிடும், என் புத்தி எனக்குத் தெரியும். பெண்கள் ஞாயிறன்று காலை என் கண்ணாடியை வீட்டுக்காரரே துடைத்துக் கொடுத்தார்.

வாசிப்பு மேடையில் ஏறிப் புத்தகத்தைத் திறந்தேன். முதல் சொல்லுக்கே மேடைப் பலகையில் விரலால் வரைய வேண்டியிருந்தது. எல்லாம் அந்நியப் பெயர்கள், ஊகிக்க இடமே இல்லை. ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மூன்றாம் வசனத்தில் பின்வரிசைகளில் இருமல் ஆரம்பித்தது. ஒரு குழந்தை அழுதது, வெளியே தூக்கிப் போனார்கள். ஐந்தாம் வசனத்தில் ஒரு பெயரில் மாட்டிக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த செயலாளர் தன் புத்தகத்தைப் பார்த்து அந்தப் பெயரை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். பாவம், எனக்கு உதவி என்றுதான் செய்தார். நான் இடது கையை உயர்த்தினேன்.

"நீங்க சொல்லாதீங்க. நான் வாசிக்கேன்."

மைக் அதையும் சபைக்கு எடுத்துச் சொல்லிற்று. அதற்குப் பிறகு யாரும் இருமவில்லை.

வாசிக்க வாசிக்க ஆட்கள் தெரிந்தார்கள். குருமார் ஒரு வாசலைக் கட்டுகிறார்கள். ஓர் ஊர்ப் பெரிய மனுஷர்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள், அதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். தட்டான் கட்டுகிறான், தைலம் விற்கிறவன் கட்டுகிறான். கொத்தனார் வேலை தெரிந்தவர் யாரென்றே தெரியவில்லை. என் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது.

பன்னிரண்டாம் வசனம். பட்டணத்தில் பாதிக்குத் தலைவனான ஒருவன் தன் பங்கைக் கட்டுகிறான். அவனும் அவனுடைய... மகன்கள் என்று என் வாய் தயாராக இருந்தது. அறுபது வருஷப் பழக்கம், இந்த மாதிரிப் பட்டியலில் மகன்கள்தானே வருவார்கள். விரல் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பப் போய் முதல் எழுத்திலிருந்து வரைந்தேன். மகள்கள். தப்பாக இருக்கும் என்று இன்னொரு தடவை வரைந்தேன். மகள்கள்தான். வெயிலில் கல்லும் மண்ணும் சுமந்து அப்பாவோடு மதில் கட்டிய பெண்பிள்ளைகள், நான் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார்கள். நான் ஒருநாளும் அந்தத் தெருவுக்குப் போனதில்லை.

பாடம் வாசிக்கிறவர் தன் சொந்தப் பேச்சு பேசக் கூடாது. அது முறை. நான் பேசினேன்.

"பொம்பளப் பிள்ளைங்களும் கட்டியிருக்காங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை.

பெண்கள் பக்கம் முழுக்கப் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. ஐயரும் தன் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். பிரசங்கத்துக்கு நேரம் பாதிதான் மிச்சமிருந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் செயலாளர் என்னிடம் வந்தார். விரலைப் பக்கத்துக்குள் அடையாளமாக வைத்தபடியே புத்தகத்தைப் பிடித்திருந்தார்.

"இது இங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாது. போதும்னு அன்னைக்குச் சொன்னீங்களே, சரின்னு நான் நிறுத்தியிருந்தா இந்தப் பிள்ளைங்களத் தெரியாமலே செத்திருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சண்டை போடுகிற எண்ணம் எனக்கும் இல்லை. அறிவிப்புப் பலகையில் மாட்டியிருந்த அடுத்த மாதத்து வாசிப்புப் பட்டியலைக் காட்டினேன்.

"ஜெபப் பட்டியல்ல எம் பேர அடிச்சிருங்க. இதுல எழுதுங்க. இன்னும் இருபது வசனம் பாக்கி கெடக்கு."

அவர் பேனாவை எடுத்து எழுதினார். நான் கிட்டப் போய், பலகையில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக வாசித்து, அது என் பெயர்தானா என்று பார்த்துக்கொண்டேன்.